மூச்சு விடாமல் பாடிப் போனான்

திருச்சியிலிருந்து ஓர் அம்மா:

என் மகனுக்குப் பதினொரு வயது. பேசத் தொடங்கியதிலிருந்தே திக்கும். 'க', 'ப' இரண்டும்தான் அதிகம் சிக்கும். வகுப்பில் வாசிக்கச் சொல்லும் நாளில் வயிற்றுவலி என்பான். பால் வாங்கக் கடைக்கு அனுப்பினால் காலிக் கவரையும் காசையும் சேர்த்து நீட்டுவான், வாய் திறக்க வேண்டாம் பாருங்கள்.

என் அம்மா வீடு மன்னார்குடி பக்கம் வடுவூர். கபடி ஊர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற நம் கபடி அணியில் அந்த ஊர் அபினேஷ் இருந்தார். பொங்கலுக்குப் போனபோதும் அங்கே அதே பேச்சுதான். சாயங்காலம் ஆனால் பொடிசுகள் எல்லாம் கோடு கிழித்துவிடும்.

மூன்று நாள் இவன் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களின் சட்டைக்கும் செருப்புக்கும் காவல் இருந்தான். நாலாம் நாள் ஓர் ஆள் குறைந்தது. "டேய், வந்து நில்லு" என்று கூப்பிட்டு, ஓரத்தில் நின்ற பையன் இவன் கையைக் கோத்துக்கொண்டான். பிடிக்கிற வேலைக்குப் பேச்சு தேவையில்லை. இரண்டு நாள் அப்படியே ஓடியது. முழங்கை தோலெல்லாம் உரிந்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

அப்புறம் ஒருநாள் "நீ பாடிப் போ" என்றார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு அடிவயிறு கலங்கியது. எதிர்ப்பக்கம் இருக்கும்வரை பாட்டு நிற்கக் கூடாது, நின்றால் அவுட். போதாததற்கு அந்தச் சொல்லிலேயே 'க'வும் இருக்கிறது, 'ப'வும் இருக்கிறது! நடுக்கோட்டில் குனிந்து மண்ணைத் தொட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, கபடி கபடி கபடி... ஒரு இடத்திலும் சிக்கவில்லை. போனஸ் கோடு வரை போய்த் திரும்பி வந்தான். யாரையும் தொடவில்லை, ஒரு பாயிண்டும் இல்லை. நான் அழுதுவிட்டேன்.

தாளத்தோடு சொன்னால் பலருக்குத் திக்காது என்று பேச்சுப் பயிற்சி தருபவர் முன்பே சொல்லியிருந்தார். இதனால் திக்கு போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. என் மனதில் நின்றது அடுத்து நடந்ததுதான். இரண்டாம் தடவை பாடிப் போனவனை அமுக்கிவிட்டார்கள். தலையைத் தொங்கப்போட்டு வெளியே உட்கார்ந்தான். கை கோத்திருந்த அந்தப் பையன் அடுத்துப் பாடப் போகும்போது திரும்பி, "இரு, உன்னை உள்ளே கொண்டாறேன்" என்றான். எதிரணியில் ஒருவரைத் தொட்டால் வெளியே இருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே வரலாம் அல்லவா? தொட்டுவிட்டு வந்தான். என் மகன் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சிவகங்கையிலிருந்து ஒருவர்:

படித்ததும் என் மகள் ஞாபகம் வந்தது, அக்கா. எங்கள் தெருவில் இரண்டு கேப்டன்கள் மாற்றி மாற்றி ஆள் எடுப்பார்கள், இவள்தான் எப்போதும் கடைசி. "மிச்சம் இருக்கிறவள் உனக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னது என் காதிலேயே விழுந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் உத்தி பிரிக்கச் சொல்லிக் கொடுத்தேன். சம பலம் உள்ள இருவர் ஜோடியாகத் தள்ளிப் போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வர வேண்டும். "வானவில் வேணுமா, மின்னல் வேணுமா?" என்று கேட்டால், தலைவர் சொல்லும் பெயருக்கு உரியவர் அந்தப் பக்கம். யார் வானவில் என்று அவருக்குத் தெரியாது, அதனால் யாரும் மிச்சம் ஆவதில்லை. நம் முன்னோர் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! பெயர் தேடித் தோளில் கை போட்டு நடக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் என் மகளுக்கு ஒரு தோழி கிடைத்தாள். இப்போது பள்ளிக்கும் சேர்ந்தே போகிறார்கள்.

தம்பி இப்போது எப்படி இருக்கிறான், அக்கா?

திருச்சி அம்மா:

திக்கு அப்படியேதான் இருக்கிறது, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வடுவூர்ப் பையனுக்குப் போன் பண்ணுகிறான். ஒரு சொல் வர அரை நிமிடம் ஆகிறது. அந்தப் பக்கம் அவன் அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறான்.