ஓவர்ஸ்கேன்: 'மிகைவருடல்' வேண்டாம், 'ஓரவெட்டு' எப்படி?

அனைவருக்கும் வணக்கம். டிவி தனக்கு வரும் படத்தின் ஓரங்களைக் காட்டாமல் விட்டுவிடுவதை ஆங்கிலத்தில் 'ஓவர்ஸ்கேன்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே ஒருவர் முன்வைத்தது இது:

> ஓவர்ஸ்கேன் = மிகைவருடல். ஸ்கேனர் 'வருடி' ஆகிவிட்டதால் இதுவே பொருந்தும்.

சொல்லில் பிழையில்லை. பிக்சர் டியூப் டிவிக்குக் கச்சிதமாகவே பொருந்தும். அங்கே எலக்ட்ரான் கற்றை திரையை வரி வரியாக வருடித்தான் படம் வரைந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் படமும் விரியும், சுருங்கும். ஓரத்தில் கறுப்பு தெரியக்கூடாது என்று படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாக வருடவிட்டு, மிஞ்சியதைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தார்கள்.

என் தயக்கம் இன்றைய தட்டை டிவியைப் பற்றியது. அதில் கற்றையும் இல்லை, வருடலும் இல்லை. பழைய வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. போன வாரம் அம்மா வீட்டில் மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. கேபிளில் டிவியோடு இணைத்தேன். கடிகாரம் இருக்கும் கீழ்ப்பட்டை பாதி காணோம், எழுத்தெல்லாம் மங்கல். கேபிளை மாற்றினேன், கணினியில் தெளிவுத்திறனை மாற்றினேன், பலனில்லை. அம்மா எட்ட நின்று பார்த்துவிட்டு, "ஓரமெல்லாம் வெட்டுப்பட்டிருக்கே" என்றார். அதேதான் கோளாறு.

கணினி 1920×1080 புள்ளிகளைச் சரியாகவே அனுப்புகிறது. டிவி நீளத்திலும் உயரத்திலும் 5 விழுக்காட்டை வெட்டுகிறது என்று வையுங்கள். மிஞ்சுவது 1824×1026. அதை மறுபடி 1920×1080 ஆக இழுத்து நிரப்புகிறது. ஒரு புள்ளி ஒன்றாகவும் நிற்காமல், இரண்டாகவும் ஆகாமல், ஒன்றுக்குச் சற்று மேலாக நீள்வதால் பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடுகிறது. சினிமாவில் இது கண்ணில் படாது, 'ஞ'வின் சுழியில் உடனே தெரியும்.

தயாரிப்பாளர்களே இதை அணைக்கும் வசதிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', ஷார்ப்பில் 'டாட் பை டாட்'. ஒருவர் வருடலைப் பார்க்கிறார், ஒருவர் திரையை, ஒருவர் புள்ளியை. அப்படியிருக்க, நாம் மட்டும் ஏன் 'ஸ்கேன்' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே பெயரிடலாம்.

ஆகவே என் பரிந்துரை: ஓரவெட்டு. ஓரம் + வெட்டு. மரவேர் போல மகரம் கெட்டு இயல்பாகப் புணர்கிறது. மின்வெட்டு என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது புதிதாகவும் இராது. 'வெட்டிய பின் இழுப்பது சொல்லில் வரவில்லையே' என்று கேட்டால், உண்மைதான். ஆனால் வெட்டை நிறுத்தினால் இழுப்பும் நின்றுவிடுகிறது. பெயர் அந்த வேரைக் காட்டினால் போதும் என்பது என் எண்ணம்.

எதிர்ச்சொல்லும் வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஏஎம்டி நிறுவனத்தின் வரைகலை அட்டைகளுக்கு 'அண்டர்ஸ்கேன்' என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. படத்தைச் சுருக்கிச் சுற்றிலும் கறுப்பு விடும். பள்ளியில் 'ஓரம் விட்டு எழுது' என்பார்களே, அதை வைத்து 'ஓரவிடுகை' எனலாமா? இதில் எனக்கு முழு நிறைவில்லை. இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

அப்புறம், ஓரவெட்டை நிறுத்திய பிறகும் கறுப்பின்மேல் சிவப்பு எழுத்து கலங்கலாகவே இருந்தால் அது நிறத் தகவலைக் குறைத்துக் காட்டுவதால் வருவது. பல டிவிகளில் கணினியை இணைத்த உள்ளீட்டுக்கு 'பிசி' என்று பெயர் மாற்றினாலே சரியாகும். அதற்கான சொல்லைத் தனி இழையில் பேசுவோம்.

மெனு மொழிபெயர்ப்பில் இப்போதைக்கு இப்படி இடலாம் என்று நினைக்கிறேன்:

ஓரவெட்டு: உண்டு / இல்லை