பெண்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை? ஆப்பிரிக்கக் கிராமங்களில் நேரில் பார்த்தவை

எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மகப்பேறு செவிலியர் பாடம் நடத்தினேன். ஜிம்மாவைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். ஆப்பிரிக்கா என்றாலே "விழிப்புணர்வு போதாது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்த பெண்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தூரமும், வீட்டில் அனுமதி கிடைக்காததும், போன இடத்தில் யாரும் காது கொடுக்காததும்தான் அவர்களைத் தடுத்தன.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 2003இல் அந்த அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. சுமார் 5,000 பேர் வாழும் ஒவ்வொரு கெபெலேவிலும் (நம் ஊராட்சி மாதிரி) ஒரு சுகாதார நிலையம், அதில் இரண்டு பெண் பணியாளர்கள். பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்து, ஒரு வருடம் பயிற்சி கொடுத்து, சம்பளத்தோடு அமர்த்தினார்கள். 2000இல் மணமான பெண்களில் 100க்கு 8 பேர்தான் ஏதாவது ஒரு கருத்தடை முறையைப் பயன்படுத்தினார்கள். 2016இல் அது 36. அதில் இந்தப் பணியாளர்கள் நடந்த நடைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி மனசை உறுத்துகிற விஷயம். மேல்கையின் உட்புறத்தில், தோலுக்கு அடியில் வைக்கிற சிறு கருத்தடைக் குச்சி இருக்கிறதே, இம்ப்ளானான், அதை வைக்க 2009 முதல் இந்தப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். வைக்கலாம், ஆனால் எடுப்பதற்கு அடுத்த நிலையில் உள்ள பெரிய சுகாதார மையத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு சந்தை நாளில் நாங்கள் உட்கார்ந்திருந்த நிலையத்துக்கு ஒரு பெண் வந்தார். குச்சி வைத்ததிலிருந்து விட்டுவிட்டு ரத்தப்போக்கு. இஸ்லாமியக் குடும்பம், ரத்தப்போக்கு என்று தொழுகையை விட்டுவிட்டு இருந்திருக்கிறார். "மாசக்கணக்கா அல்லாவைத் தொழாம இருக்கேன், இதை எடுத்துடுங்க" என்று கையை நீட்டினார். அதற்கு முன்பே மலையிறங்கி மையத்துக்கும் நடந்திருக்கிறார். அங்கே இருந்தவர், "மூணு வருஷத்துக்கு வெச்சது, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். நாங்கள் போவதற்குள் அந்தக் கதை ஊர் முழுக்கப் பரவி, குச்சி என்றாலே பெண்கள் தலையை ஆட்டி மறுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

எங்கள் நிலையத்தில் இருந்த பணியாளர் செய்ததைச் சொல்ல வேண்டும். மறுநாள் நிலையத்தைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தப் பெண்ணோடு தானே நடந்து போய், எடுத்து முடிக்கும்வரை கூடவே நின்றார். அப்புறம்தான் ஊர்ப் பெண்கள் மறுபடி அவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். எத்தனை பேருக்கு வைத்தோம் என்று கணக்கு எழுதுகிறவர்கள், எடுக்கக் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு எடுத்தோம் என்றும் எழுத வேண்டும். இதை எந்தக் கூட்டத்திலும் சொல்வேன்.

பிரசவத்துக்கு முன் தங்குவதற்கு மையத்தின் பக்கத்திலேயே குடிசை கட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் ஏற முடியாத ஊர்களிலிருந்து, வலி வருவதற்கு முன்பே வந்து தங்கலாம். ஊரார் தானியம் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு கென்ஃபோ என்று பார்லி மாவைக் கட்டியாகக் கிண்டி, நடுவில் குழி செய்து மசாலா வெண்ணெய் ஊற்றித் தருவார்கள். வீட்டில் கிடைப்பது இங்கேயும் கிடைக்கிறது என்றதும் மாமியார்களின் முகம் மாறுவதைப் பார்த்தேன். ஆனாலும் மூத்த பிள்ளைகளையும் மாட்டையும் யார் பார்ப்பது என்று பாதியில் கிளம்பிப் போனவர்கள் உண்டு. மாமியாரையும் கூடத் தங்க விட்ட இடங்களில் அது குறைந்தது.

*

அக்கா, மேலே நீங்கள் எழுதியதில் வீட்டில் அனுமதி கிடைக்காதது பற்றிச் சொன்னீர்கள். நான் தண்ணீர்த் திட்ட வேலையாக நைஜரில், ஜிண்டர் பக்கம் இருந்தேன். 2012 கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏழு பிள்ளைகளுக்கு மேல் இருந்த நாடு அது. கணவன் சரி சொல்லாமல் மனைவி மருத்துவமனைப் படி ஏற முடியாது.

அங்கே 2007இல் ஐநா மக்கள்தொகை நிதியத்தின் உதவியோடு 'கணவர்கள் பள்ளி' தொடங்கினார்கள். மணமான ஆண்கள் தாங்களாக முன்வந்து மாதம் இரண்டு முறை கூடுவார்கள். காசு கிடையாது, தலைவர் பதவியும் கிடையாது. தன் மனைவியைப் பரிசோதனைக்கு அனுப்பாதவருக்கு அங்கே இடமில்லை. மரத்தடியில் பாய் விரித்து, "போன மாசம் யார் வீட்டுல வீட்டிலேயே பிரசவம் ஆச்சு, ஏன்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதை நானே உட்கார்ந்து கேட்டேன். ஒருவர், பிரசவ அறைக்குக் கதவு இல்லை, வெளியே ஆண்கள் நிற்கிறார்கள், என் மனைவி எப்படிப் போவாள் என்றார். அடுத்த வாரமே மண் குழைத்துச் சுவர் எழுப்பி மறைப்புக் கட்டிக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து போன எந்த அதிகாரிக்கும் இது கண்ணில் பட்டிருக்காது.

*

மலாவியில் செவிலியராக இருந்தேன், என் பங்குக்குக் கொஞ்சம். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் 'அந்தரா' என்று கருத்தடை ஊசி போடுகிறார்களே, அதே மருந்தை அங்கே பெண்கள் தாங்களாகவே போட்டுக்கொள்கிறார்கள். உருவம் வேறு: மருந்து நிரப்பிய சிறு பிளாஸ்டிக் குமிழ், குட்டை ஊசி. தொடையிலோ வயிற்றிலோ தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்தி, குமிழை மெதுவாக அழுத்தினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

மங்கோச்சி மாவட்டத்தில் நடந்த ஆய்வில், தானே போட்டுக்கொண்டவர்களில் 100க்கு 73 பேர் ஒரு வருடம் தொடர்ந்தார்கள். பணியாளரிடம் போய்ப் போட்டுக்கொண்டவர்களில் 45 பேர்தான். நடக்கிற தூரம் மிச்சம் என்பது ஒன்று. வரிசையில் நிற்பதை யாரும் பார்த்து வீட்டில் சொல்ல மாட்டார்கள் என்பது இன்னொன்று. என்னிடம் கற்றுக்கொண்ட பெண்கள் எல்லோரும் ஊசி போடுவதைவிட அதிகமாகக் கேட்டது, போட்ட பிறகு அந்தக் குமிழை எங்கே ஒளித்து வைப்பது என்றுதான். மூடியுள்ள டப்பாவில் போட்டு, அடுத்த முறை வரும்போது எங்களிடமே கொண்டுவரச் சொன்னோம். கையோடு கொடுக்கிற அடுத்த தவணைகள் தீர்வதற்குள் கிடங்கிலிருந்து சரக்கு வந்து சேர வேண்டும். அது தாமதமான மாதங்களில் அவர்களுக்குப் பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்காது. உகாண்டாவிலும் இதே ஊசி உண்டு. அங்கே சரக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.