1 யோவான் 4:19: ஊற்று தேவன் என்றால் எனக்குள் ஏன் ஒரு சொட்டும் இல்லை?

ஞாயிறு_வகுப்பு கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் அக்கா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்துவிட்டது. அவருக்குக் குடும்பம் இல்லை, அதனால் பார்த்துக்கொள்வது நான்தான். அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவர் இந்த அத்தை. வளர்த்தார் என்பது உண்மை. அன்பாய் வளர்த்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் நேரத்துக்கு வந்தன. "உன் அம்மா மாதிரியே மந்தம்" என்பதும் தவறாமல் கூடவே வந்தது. இப்போது அவருக்கு வாய் குழறுகிறது. இந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படித்தான் தெளிவாக வருகிறதோ.

பகலில் ஓர் உதவியாளர் அம்மா வருகிறார். அவர் கிறிஸ்தவர் இல்லை. வேறு எந்தக் கடவுளையும் நம்புவதாகவும் தெரியவில்லை. அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது ஏதாவது கதை சொல்கிறார், தலை வாரிவிடுகிறார், அத்தை திட்டினால் சிரிக்கிறார். நானோ ராத்திரி எழுந்து பல்லைக் கடித்துக்கொண்டு துணி மாற்றுகிறேன். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

வரும் ஞாயிறு என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் 1 யோவான் 4:19: "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்." அதோடு ஒரு படத்தாளும் வந்திருக்கிறது. மேலே ஊற்று, நடுவில் குழாய், கீழே வாடிய செடி. குழாயின் மேல் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதி வண்ணம் தீட்ட வேண்டுமாம். அந்தத் தாளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஊற்று தேவன் என்றால், அவரை அறியாத அந்த அம்மாவிடம் இவ்வளவு பாய்கிறதே, ஞானஸ்நானம் எடுத்து, வேதம் வாசித்து, ஜெபம் பண்ணுகிற என்னிடம் ஏன் ஒன்றும் வருவதில்லை?

தயவுசெய்து "செய்கிறீர்களே, அதுவே அன்பு" என்று சொல்லிவிடாதீர்கள். 1 கொரிந்தியர் 13:3 எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை.

---

பெரேயா_வாசகன்:

சிஸ்டர், நீங்கள் வேண்டாம் என்றாலும் நான் அதைத்தான் சொல்லப்போகிறேன். அதே அதிகாரத்தில் 4 முதல் 7 வரை வாசியுங்கள். நீடிய சாந்தம், தயவு, சினமடையாமை, சகலத்தையும் சகித்தல். மனம் இளகவேண்டும், பாசம் பொங்கவேண்டும் என்று அங்கே எங்கே இருக்கிறது? ராத்திரி எழுந்து துணி மாற்றுவது சகித்தல்தான். யோவான் 13-ல் ஆண்டவர் சீஷர்களின் கால் கழுவியபோது அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான்.

அந்த 3-ஆம் வசனம் வரங்களைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்த கொரிந்து சபைக்கு எழுதியது. தூக்கம் கெட்டுப் போனவர்களைக் குத்த எழுதியது அல்ல.

---

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

சகோதரி, நான் முதியோர் வார்டில் வேலை பார்த்தவள். உங்கள் அத்தை மாதிரி நிறையப் பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். அதனால் முதலில் அந்த உதவியாளர் அம்மாவைப் பற்றி.

அவர் உங்கள் அத்தையிடம் வளரவில்லை. அத்தை திட்டினால் அவருக்கு அது ஒரு நோயாளியின் பேச்சு. உங்களுக்கு அது பழைய கணக்கு. முன்பின் தெரியாதவர்களைக் கவனிப்பது எனக்கு எப்போதும் எளிதாகவே இருந்தது. என் மாமனார் படுக்கையில் விழுந்தபோதுதான் வேலை என்றால் என்ன என்று தெரிந்தது. ஆகவே உங்களையும் அவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அதற்காக அவருடைய அன்பு போலி, சம்பளத்துக்குச் செய்கிறார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சில விசுவாசிகள் அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. பிதா தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார் (மத்தேயு 5:45). நன்மையான எந்த ஈவும் பரத்திலிருந்து வருகிறது என்று யாக்கோபு 1:17 சொல்கிறது. லூக்கா 10-ல் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனார்கள், காயம் கட்டியவன் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். அந்தக் கதையைச் சொன்னவர் ஆண்டவரே. அன்பு தேவனால் உண்டாயிருக்கிறது என்று யோவான் எழுதினார், சபையால் உண்டாயிருக்கிறது என்று எழுதவில்லையே.

சரி, 4:19-க்கு வருவோம். ஒரு வசனத்தை மட்டும் தனியே பிடுங்கி மனப்பாடம் செய்வதால் வரும் தொல்லை இது. 9, 10, 11 மூன்றையும் சேர்த்து வாசியுங்கள். அவர் முந்தி அன்புகூர்ந்தார் என்று யோவான் சொல்லும்போது நம் நெஞ்சுக்குள் ஊறும் ஓர் உணர்வைப் பற்றிப் பேசவில்லை. குமாரனை அனுப்பினார், நம் பாவங்களுக்காகக் கிருபாதார பலியாகக் கொடுத்தார் என்று நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிறார். ராத்திரி உங்கள் மனம் எப்படி இருந்தாலும் அது நடந்தது நடந்ததுதான். அப்புறம் 11: "தேவன் இவ்விதமாய் நம்மிடத்தில் அன்புகூர்ந்திருக்க..." இதற்குப் பிறகு, நாமும் தேவனிடத்தில் அன்புகூர வேண்டும் என்று வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். யோவான் அப்படி முடிக்கவில்லை. ஒருவரிடத்தில் ஒருவர் அன்புகூரக் கடனாளிகள் என்கிறார். கடன் பட்டது ஒருவரிடம், கட்ட வேண்டியது இன்னொருவரிடம். காரணமும் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது: தேவனை ஒருவரும் ஒருபோதும் கண்டதில்லை. காணாதவருக்குத் துணி மாற்ற முடியாது, சகோதரி. அத்தைக்குத்தான் மாற்ற முடியும்.

கடன் என்றதும் மத்தேயு 18 நினைவுக்கு வருகிறது. ராஜாவிடம் ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு பணம் ஒரு கூலியாளின் நாள் கூலி. அப்படியானால் 6 கோடி நாள் கூலி. யாராலும் கட்டவே முடியாத தொகை. ராஜா மன்னித்து விடுகிறார். அவன் வெளியே போகிறான், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனைப் பார்த்ததும் கழுத்தைப் பிடிக்கிறான். நூறு என்றால் சில்லறைக் கடன் என்று பிரசங்கங்களில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். நூறு நாள் கூலி, அதாவது நாலு மாத வருமானம்! கூலிக்காரனுக்கு அது பெரிய பணம். ஆண்டவர் அந்தத் தொகையைச் சும்மா சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அத்தை உங்களை நோகடித்தது அவர் உங்களிடம் பட்ட உண்மையான கடன். அது ஒன்றுமில்லை என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்த வேண்டாம். தாயில்லாப் பிள்ளையிடம் தாயைப் பழித்துப் பேசியது சின்ன விஷயம் இல்லை.

அந்த வேலைக்காரன் நூறை நினைவில் வைத்திருந்தது குற்றம் அல்ல. அரண்மனை வாசலைத் தாண்டியதும் பதினாயிரத்தை மறந்தான் பாருங்கள், அதில்தான் எல்லாம் கெட்டது. அன்பு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குள்ளேயே தோண்டிப் பார்க்கிறீர்கள். அங்கே இருக்காது. எனக்கும் இருந்ததில்லை. உங்களுக்கு மன்னிக்கப்பட்டது எவ்வளவு என்ற பக்கம் திரும்பிப் பாருங்கள்.

இது ராத்திரியில் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். வார்டில் ஒருவர் இருந்தார், கிட்டே போனால் துப்புவார். அறைக்குள் நுழையும் முன் கதவுப் பிடியில் கை வைத்து, "ஆண்டவரே, இவரை நீர் நேசிக்கிறீர். எனக்கு முடியவில்லை. இந்த அறையை விட்டு வெளியே வரும்வரைக்கும் தேவையானதைத் தாரும்" என்பேன். அவ்வளவுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த கோரி டென் பூம் அம்மையாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காகச் சிறைப்பட்டவர். அவருடைய அக்கா 1944 டிசம்பரில் நாஜிகளின் ராவென்ஸ்பிரூக் வதைமுகாமில் இறந்தார். 1947-ல் மியூனிக்கில் ஒரு கூட்டம் முடிந்ததும் அந்த முகாமின் முன்னாள் காவலாளி மன்னிப்புக் கேட்டுக் கையை நீட்டினான். உள்ளே எந்த உணர்ச்சியும் இல்லாமல், ஜெபித்துக்கொண்டே கையைத் தூக்கிக் கொடுத்தார். கொடுத்த பிறகு ஓர் அனல் கை வழியாக இறங்கியதாக எழுதியிருக்கிறார். எனக்கு எந்த அனலும் இறங்கியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அறையில் என் கை முரடாகவில்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

---

பூசைக்குப்_பின்:

நான் கத்தோலிக்கன். நர்ஸ் அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், அந்தக் குழாய்ப் படத்தைப் பற்றி.

கிளேர்வோ மடத்தின் தலைவராக இருந்த புனித பெர்நார்து (1153-ல் இறந்தார்) இனிமைமிகு பாடலுக்கு (நீங்கள் உன்னதப்பாட்டு என்பீர்கள்) ஆற்றிய மறையுரைகளில் 18-ஆவதில் இதே விஷயத்தைப் பேசுகிறார். அவர் சொல்வதன் சாரம்: புத்தியிருந்தால் கால்வாயாக இராதே, நீர்த்தேக்கமாக இரு. கால்வாய் வாங்கிய உடனே கொட்டிவிடும். தேக்கமோ நிறையும்வரை காத்திருக்கும். நிறைந்த பிறகு வழிவதால் அதற்குக் குறைவு வருவதில்லை. திருச்சபையில் கால்வாய்கள் நிறைய, தேக்கங்கள்தான் கொஞ்சம் என்று அப்போதே குறைப்பட்டுக்கொண்டார். உங்கள் படத்தாள் 12-ஆம் நூற்றாண்டிலேயே தேர்வில் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுளின் அன்பு உங்களைக் கடந்து அத்தையிடம் போக மட்டும் வருவதில்லை. முதலில் உங்களுக்காகவே வருகிறது. அந்தத் தாயில்லாச் சிறுமியையும் அவர் அன்பு செய்கிறார். அதை நீங்கள் வாங்கிக்கொண்டீர்களா? உங்கள் கேள்வியில் அத்தை இருக்கிறார், உதவியாளர் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். கடவுள் உங்களிடம் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை.

கத்தோலிக்கன், புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரைக் கூப்பிடுகிறான் என்று சிரிக்க வேண்டாம். 1518-ல் ஹைடல்பெர்க் விவாதத்துக்கு அவர் எழுதிய கடைசி இறையியல் கூற்று எனக்கு மிகவும் பிடித்தது. மனித அன்பு தனக்குப் பிடித்ததைக் கண்டு உண்டாகிறது. கடவுளின் அன்பு தனக்குப் பிடித்ததைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, அதை உருவாக்குகிறது. அத்தையிடம் பிடித்த ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் அன்பு வரும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

---

மார்த்தாள்_கட்சி:

எல்லாம் சரி. ஒன்றை யாரும் கேட்கவில்லை. அந்த உதவியாளர் அம்மா சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார் அல்லவா? ராத்திரி தூங்குகிறார் அல்லவா? எனக்கும் தூக்கம் கொடுங்கள், நானும் கதை சொல்வேன்.

அன்பைப் பற்றிய பிரசங்கம் முடிந்ததும் படுக்கைத் துணி எப்படியோ வீட்டுப் பெண் கைக்கே வந்து சேர்கிறது. கலாத்தியர் 6:2 ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்று அங்கே இல்லை. அப்போஸ்தலர் 6-ல் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தபோது, இன்னும் அன்பாயிருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள். ஆண்டவரும் மாற்கு 6:31-ல் சீஷர்களிடம் தனியே வந்து சற்றே இளைப்பாறச் சொன்னார், சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்தார்களே என்று. உங்களுக்கு அண்ணன், தம்பி, சித்தப்பா யாரும் இல்லையா?

---

பெரேயா_வாசகன்:

மார்த்தாள் சிஸ்டர், நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் "நிறையும்வரை காத்திரு" என்ற பேச்சில் எனக்கு ஒரு பயம். நான் இன்னும் நிறையவில்லை என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1 யோவான் 3:17 குறைச்சல் உள்ள சகோதரனைக் கண்டு இருதயத்தை அடைத்துக்கொள்கிறவனைக் கேள்வி கேட்கிறது. நீ நிறைந்தாயா என்று கேட்கவில்லை.

---

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

@பெரேயா_வாசகன் தம்பி, அந்த பயம் சோம்பேறிகளிடம் சொல்ல வேண்டியது. இவர் ஒரு ராத்திரிகூட விடாமல் எழுந்துகொண்டிருக்கிறார். மருந்தை ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

---

ஞாயிறு_வகுப்பு:

எல்லோருக்கும் நன்றி. "ஒரு வரிகூட இல்லை" என்று சகோதரர் எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு இங்கே பதில் எழுத வரவில்லை.

படத்தாளைக் கொடுக்கப் போவதில்லை. மத்தேயு 18-ஐ எடுக்கிறேன். 6 கோடியைப் பிள்ளைகளே பெருக்கிப் பார்க்கட்டும். என் வகுப்பில் ஒருவன் இருக்கிறான், அந்த நூறு பணம் கடைசியில் திரும்ப வந்ததா என்று கட்டாயம் கேட்பான். என்ன சொல்ல?

"நூறு சின்னத் தொகை இல்லை" என்று நர்ஸ் அம்மா எழுதியதுதான் எனக்கு மிகவும் உதவியது. இத்தனை நாளும் அது சின்னது என்று ஒத்துக்கொண்டால்தான் மன்னிக்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி கதவுப் பிடி ஜெபத்தைச் செய்தேன். அத்தை வழக்கம்போல அதே வார்த்தையைச் சொன்னார். நான் "ஆமாம், அம்மா மாதிரிதான்" என்றேன். கோபமாகச் சொன்னேனா, சிரித்துக்கொண்டே சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

சித்தப்பா ஒருவர் இருக்கிறார். வாரத்தில் இரண்டு ராத்திரி வர முடியுமா என்று இன்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

---

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

அந்தப் பையனிடம் உள்ளதைச் சொல்லுங்கள். நூறு வந்ததா என்று வேதம் சொல்லவில்லை. அந்த வேலைக்காரனைத் திரும்ப அழைத்த ராஜாவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் உனக்கு இரங்கினதுபோல நீ அவனுக்கு இரங்க வேண்டாமா என்று மட்டும் கேட்டார்.

---

மார்த்தாள்_கட்சி:

சித்தப்பாவிடம் எந்தக் கிழமைக்குள் யோசித்து முடிப்பார் என்று கேட்டு வாங்குங்கள். கிழமை சொல்லாவிட்டால் போதகரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.