மூளைக்காய்ச்சல்: சிஆர்பி குறைவு என்றால் பயமில்லையா?

விழுப்புரம் பெரியம்மா:
என் தங்கை மகனுக்கு ஆறு வயது. வீட்டைச் சுற்றி நெல் வயல். நான்கு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் விடிகாலையில் வலிப்பு. இப்போது ஐசியுவில் இருக்கிறான். முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள், வைரஸ் மூளைக்காய்ச்சல் என்கிறார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி டெஸ்ட் 9தான் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அவன் கண்ணே திறக்கவில்லை. நோய் எவ்வளவு கடுமை என்று சொல்லும் டெஸ்ட் வேறு ஏதாவது உண்டா?

குழந்தை டாக்டர்:
அம்மா, பிள்ளை கண் திறக்கவில்லை என்பதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். சிஆர்பி குறைந்தால் பாக்டீரியாவாக இருக்கும் வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். மூளைக்கு எவ்வளவு அடி என்று அது சொல்லாது.

நீங்கள் கேட்கிற மாதிரி டெஸ்ட்கள் இருக்கின்றன. நியூரான் ஸ்பெசிஃபிக் ஈனோலேஸ் என்ற புரதம் நரம்பு செல்லுக்குள் இருப்பது. செல் சிதைந்தால் தண்டுவட நீரிலும் ரத்தத்திலும் கசியும். நியூரோஃபிலமென்ட் நரம்பு இழை சேதத்தைக் காட்டும். இன்டர்லூகின்-6 அழற்சியைக் காட்டும். ஆனால் இந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்று ஒரு தனிப் பிள்ளைக்குச் சொல்ல, எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை இன்னும் கிடையாது. அதனால் அந்த டெஸ்ட் எடுக்கவில்லையே என்று வருந்தாதீர்கள்.

பிள்ளைக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கிளாஸ்கோ மதிப்பெண் எத்தனை என்று தினமும் கேளுங்கள். மொத்தம் 15. எட்டோ அதற்குக் கீழோ என்றால் மிகவும் கவலைக்குரியது. வெளியே தெரியாத வலிப்பு ஓடுகிறதா என்று இஇஜி பார்த்தார்களா? எம்ஆர்ஐயில் மூளையின் நடுப்பகுதியான தலாமஸ் எப்படி இருக்கிறது? மூளைக்காய்ச்சல் தரும் ஹெர்பிஸ் வைரஸ் இல்லை என்று உறுதியாகும்வரை அதற்கான மருந்து அசைக்ளோவிர் போகிறதா? முதல் மூன்று நாளில் எடுத்த, வைரஸின் மரபணுவைத் தேடும் ஹெர்பிஸ் பிசிஆர் டெஸ்ட் சில சமயம் பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

நெல் வயல் என்றீர்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அங்கேதான் பெருகும். இந்தியாவில் இந்த நோயை முதலில் கண்டறிந்ததே 1955இல் வேலூர்ப் பக்கம்தான். அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐஜிஎம் டெஸ்ட் போயிருக்கிறதா என்று கேளுங்கள்.

லேப் அக்கா:
ஐஜிஎம் முதல் சில நாளில் நெகட்டிவாக வரலாம். காய்ச்சல் தொடங்கி ஏழு நாள் தாண்டிய மாதிரியில்தான் நம்பிச் சொல்ல முடியும். டாக்டர் சொன்ன ஈனோலேஸ் சிவப்பணுவிலும் உண்டு. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்துவிட்டால் எண் சும்மாவே ஏறிவிடும். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் பிடித்துச் சிவந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மெஷினில் வைக்கிறேன். குட்டிப் பிள்ளையிடம் மறுபடி ஊசி குத்தச் சொல்ல மனசு வராது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

விழுப்புரம் பெரியம்மா:
கேட்டேன். அசைக்ளோவிர் போகிறது, இஇஜி நாளைக்கு. ஐஜிஎம்முக்கு மறுபடி அனுப்பப் போகிறார்கள். நேற்று கிளாஸ்கோ 8, இன்று காலை 10. தங்கை பேர் சொல்லிக் கூப்பிட்டபோது கண்ணைத் திறந்தான்.