அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம்: கூட்டத்துக்கு யார் காரணம்?

ஆன்டாப்ஹில்காரன்:
போன செவ்வாய் இரவு அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. மும்பையின் பெரிய மாநகராட்சி மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனோம், பெயர் வேண்டாம். ஆக்சிஜன் உடனே வைத்தார்கள், அதில் குறை இல்லை. அதன்பின் ஆறு மணி நேரம் டிராலியிலேயே கிடந்தார். பக்கத்தில் ஒருவர் சளிக்கு மருந்து கேட்கிறார், இன்னொருவர் கட்டுப் பிரிக்க வந்திருக்கிறார். கொரோனாவுக்குப் பிறகு தும்மினாலே பெரிய ஆஸ்பத்திரி என்றாகிவிட்டது. சில்லறை நோய்க்கு வருகிறவர்களிடம் ஐந்நூறு ரூபாய் வாங்குங்கள், கூட்டம் தானாகக் கரையும்.

இரவுப்பணி:
நான் இந்த ஊரில் அவசரப் பிரிவுச் செவிலியர். சளிக்காரர் எங்களுக்குப் பாரமே இல்லை, தம்பி. பத்து நிமிடத்தில் மாத்திரையோடு போய்விடுவார். டிராலியும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம். இடம் அடைபடுவது உங்கள் அப்பாவைப் போன்றவர்களால்தான். கேஸ் பேப்பரில் அட்மிட் என்று எழுதியாகிவிட்டது, மேலே வார்டில் கட்டில் இல்லை. காலையில் டிஸ்சார்ஜ் சொன்ன நோயாளி மாலைவரை கட்டிலை விட்டு இறங்குவதில்லை. சாக்கடை அடைத்திருக்கும்போது குழாயைத் திட்டி என்ன பயன்?

ஆன்டாப்ஹில்காரன்:
அக்கா, கட்டில் இல்லை என்ற பாட்டை எத்தனை நாள் கேட்பது? 2020இல் கொரோனாவுக்காக பாந்த்ரா-குர்லா (பி.கே.சி.) மைதானத்தில் சில வாரங்களில் ஆயிரம் கட்டில் போட்டார்களே, கோரேகாவ் நெஸ்கோ கண்காட்சி அரங்கில் போட்டார்களே. மனம் இருந்தால் நடக்கிறது. லண்டனில் நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று இலக்கே வைத்திருக்கிறார்கள்.

செம்பூர் பெரியவர்:
இலக்கு இருக்கிறது தம்பி, எட்டுவதுதான் இல்லை. நூற்றுக்கு 95 பேரை நான்கு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. 2015 ஜூலைக்குப் பிறகு இங்கிலாந்து அதை ஒரு மாதம்கூடத் தொடவில்லை. அப்போது கொரோனா ஏது? அங்கும் மேலே கட்டில் இல்லாமல்தான் கீழே வராந்தாவில் கிடக்கிறார்கள்.

இரவுப்பணி:
மைதானத்தில் போட்டது இரும்புக் கட்டில். அதன் பக்கத்தில் நிற்க ஆள்? தொற்றுநோயால் டாக்டர்களின் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான முதுநிலை நீட் 2021 ஜனவரியிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. மேற்படிப்புப் படித்துக்கொண்டே வார்டு பார்க்கும் ரெசிடென்ட் டாக்டர்களில் முதலாண்டுக்காரர்கள் வராமல் மாதக்கணக்கில் மீதி இரண்டு ஆண்டுக்காரர்கள் மூன்று ஆண்டுக்காரர்களின் வேலையைச் செய்தார்கள். வார்டு உதவியாளர்களான மாமாவும் மாவ்ஷியும் இல்லாவிட்டால் டிராலியை மேலே தள்ளக்கூட ஆள் கிடையாது.

ஐந்நூறு ரூபாய்க்கு வருகிறேன். வாயுத் தொல்லை என்று ஓமத்தை மென்றுகொண்டே ஒருவர் வந்தார். சர்க்கரை நோயாளி. ஈ.சி.ஜி. எடுத்தால் மாரடைப்பு. உங்கள் கட்டணம் இருந்திருந்தால் வீட்டிலேயே படுத்திருப்பார். சில்லறை நோய் எது என்று பார்த்த பிறகுதான் தெரியும், வாசலில் தெரியாது.

செம்பூர் பெரியவர்:
சட்டமும் விடாது. காயம்பட்ட ஸ்கூட்டர்காரரை ஒரு மருத்துவமனை சேர்த்துக்கொள்ளாமல் வேறிடத்துக்கு அனுப்ப, வழியிலேயே உயிர் போனது. அந்த வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: உயிரைக் காப்பதே மருத்துவரின் முதல் கடமை, மற்றதெல்லாம் பிறகு.

தொண்ணூறடிச்சாலை:
எல்லோரும் சளிக்காரரைப் பற்றியே பேசுகிறீர்கள், அவரை யாரும் கேட்கவில்லை. எங்கள் தாராவியில் பகலில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. பட்டறை மூடிய பிறகு இரவு பதினொரு மணிக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது? 2022இல் மாநகராட்சியின் இலவச கிளினிக்கான ஆப்லா தவாகானா வந்தது, நல்லதுதான், ஆனால் விடிய விடியத் திறந்திருக்கும் இடம் அவசரப் பிரிவு ஒன்றே.

ஆன்டாப்ஹில்காரன்:
கட்டணத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ஆறு மணி நேரமும் ஒருவர்கூட வந்து, 'இன்னும் இவ்வளவு நேரம் ஆகும்' என்று சொல்லவில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் கட்டில் வேண்டுமா?

இரவுப்பணி:
அது எங்கள் தவறு. சாக்குச் சொல்ல மாட்டேன். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

ஆன்டாப்ஹில்காரன்:
நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பத்து மணிக்கே போகலாம் என்றார். டிஸ்சார்ஜ் தாள் கையில் வர ஐந்தரை ஆனது. அதுவரை அப்பா அந்தக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மராத்திச் செய்தித்தாளில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் அக்கா, நீங்கள் சொன்ன அதே கட்டில்தான்.