காரைக்குடி வீட்டு ஆடியோவுக்கு எந்த பவர் கண்டிஷனர்?

கேள்வி (காரைக்குடி):
அண்ணன்மாருக்கு வணக்கம். எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் வால்வு ப்ரீஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் சேனலுக்கு 150 வாட் பவர் ஆம்ப், இசைத்தட்டுப் போட டர்ன்டேபிள் வைத்திருக்கிறேன். ஆத்தங்குடிக் கல் தரையின் எதிரொலியைக் கனமான ஜமுக்காளம் விரித்துச் சமாளித்துவிட்டேன். கரண்ட்தான் பாடாய்ப் படுத்துகிறது. மாலையில் மீட்டர் 195 வோல்ட் காட்டுகிறது, நள்ளிரவில் 250. கிரைண்டர் போட்டால் நாகஸ்வரத்துக்கு நடுவே 'டக்'. ஆம்ப்பும் உறுமுகிறது. ஒரு லட்சம் வரை போடலாம். கரண்டைச் சுத்தம் செய்யும் பவர் கண்டிஷனர் எதை வாங்கலாம்?

பதில் (தேவகோட்டை):
தம்பி, முதலில் எர்த்தைப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் வயரிங் பின்னால் வந்தது. மூன்று பின் சாக்கெட் இருக்கும், உள்ளே பச்சை வயர் இருக்காது. செம்மண் கோடையில் காய்ந்தால் எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும், குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் வந்தால் நல்லது.

அப்புறம், சாதாரண கண்டிஷனர் இரைச்சலை வடிகட்டும், சர்ஜை, அதாவது திடீர் வோல்டேஜ் எகிறலைத் தடுக்கும். 195–250 ஆட்டத்தை அது நிறுத்தாது. அதற்கு மோட்டார் வைத்து வோல்டேஜைச் சீராக்கும் செர்வோ ஸ்டெபிலைசர்தான். சுவிட்ச் மாதிரி படிபடியாக மாற்றும் ரிலே வகை வேண்டாம், மாறும்போதெல்லாம் சத்தம் போடும்.

பதில் (பள்ளத்தூர்):
உறுமல் ஸ்பீக்கரிலா, ஆம்ப் பெட்டியிலா? பெட்டி என்றால் பெரும்பாலும் ஆம்ப்பில் இருக்கும் டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மருக்குள் கரண்டோடு டிசி கலந்து வருகிறது, அதைத் தடுக்கும் டிசி பிளாக்கர் போடுங்கள். ஸ்பீக்கர் என்றால் கிரவுண்ட் லூப்பாக (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிச் சுற்றுவது) இருக்கலாம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொருகிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. பவர் ஆம்பைச் சின்ன கண்டிஷனர் வழியாகக் கொடுத்தால் தவிலின் அடி மந்தமாகலாம்.

கேட்டவர்:
பெட்டிதான் உறுமுகிறது அண்ணே. சாக்கெட்டைக் கழற்றினேன், பச்சை வயரே இல்லை. நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார். ஸ்டெபிலைசர் 3 கேவிஏ போதுமா?

பதில் (தேவகோட்டை):
தாராளமாகப் போதும். ஏர்கண்டிஷனரை மட்டும் அதே லைனில் சேர்க்காதீர்கள்.