எங்கள் காவில் (அம்மன் கோயிலில்) தோல்பாவைக் கூத்தை 21 இரவிலிருந்து 7 ஆகக் குறைக்கப் பார்க்கிறார்கள். என்ன சொல்லி வாதாடுவது?

ஒற்றப்பாலம் மருமகள்:

வணக்கம். நான் பொள்ளாச்சியில் பிறந்தவள். கல்யாணம் ஆகி ஒற்றப்பாலம் பக்கம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம்.

எங்கள் ஊர் பகவதி காவில் வருஷா வருஷம் 21 இரவு தோல்பாவைக் கூத்து நடக்கும். இந்த முறை கமிட்டியில் 7 இரவு போதும் என்று பேச்சு வந்திருக்கிறது. யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அது பொய்யும் இல்லை. போன வருஷம் ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு கூத்துமாடத்துக்கு (கூத்துக்கென்றே கட்டிய மேடை) முன்னால் நானும் மாமியாரும், பாயில் தூங்கிவிட்ட ஒரு பெரியவரும்தான் இருந்தோம்.

ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து வந்த பாட்டைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது கம்பராமாயணம்! பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்தது. உச்சரிப்பில் மலையாளம் கலந்திருந்தது, சொல் மட்டும் அதே சொல். இது எப்படி இங்கே வந்தது? கூத்தை நடத்துகிற புலவர்களுக்கும் ஊருக்கும் என்ன உறவு? ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிளாக்கரை:

தங்கச்சி, முதலில் 'ஆள் இல்லை' என்கிற பேச்சை எடுத்துக்கொள்வோம். கூத்து ஆளுக்காக நடப்பதில்லை. தாரிகன் என்கிற அசுரனோடு போர் செய்யப் போன பத்ரகாளிக்கு, அதே சமயத்தில் நடந்த ராம ராவண யுத்தத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்தக் குறை தீர வருஷா வருஷம் அவளுக்கு நடத்திக் காட்டுகிறோம். கூத்துமாடம் அம்மன் நடையைப் பார்த்து நிற்பது அதனால்தான். மைதானம் காலியாக இருந்தாலும் பார்க்க வேண்டியவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கூட்டத்தில் இதை முதலில் சொல்லுங்கள்.

நான் புலவர் இல்லை. என் அப்பா எங்கள் ஊர்க் கூத்துமாடத்தில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர். எட்டு வயதிலிருந்து நானும் கூடவே உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். மாடம் ஏறக்குறைய 42 அடி நீளம். திரைக்குப் பின்னால் பலகையில் வரிசையாக 21 தேங்காய் முறி (தேங்காய் மூடி), ஒவ்வொன்றிலும் தேங்காய் எண்ணெயும் திரியும். முதல் தீ கோயில் விளக்கிலிருந்துதான் வர வேண்டும். ஒரு முறியில் எண்ணெய் குறைந்தால் அந்த இடத்தில் நிற்கிற பாவை மங்கிவிடும். பாட்டு நடுவில் பேசக்கூடாது என்பதால் அப்பா கண்ணாலேயே காட்டுவார், நான் ஊற்றுவேன்.

பாவைகள் முன்பு மான்தோலில் செய்தவை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் வந்தன. நகை, கிரீடம், புடவைக் கரை எல்லாமே உளியால் போட்ட சின்னச் சின்னத் துளைகள்தான். கையில் வாங்கினால் கறுத்த தோல். விளக்குக்கு முன்னால் பிடித்தால் ராவணன் தலைகள் ஒவ்வொன்றிலும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஏறும். பேசுகிற பாத்திரங்களை முள்ளால் திரையில் குத்தி நிறுத்திவிடுவார்கள்.

அதற்கப்புறம்தான் கூத்தின் உயிர். பாவை அசையாமல் நிற்கும், பேச்சு ஓடும். ஒரு புலவர் செய்யுளைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்து அர்த்தம் சொல்வார். அடுத்தவர் விபீஷணனாக ஒரு சந்தேகம் கேட்பார். அதிலிருந்து இலக்கணம், ஜோதிடம், வேறொரு புராணம் என்று போய்த் திரும்பி வருவார்கள். ஒரே செய்யுளில் முக்கால் மணி நேரம் நின்றதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு அவர்களே சபை. இப்படிப் பேசப் பழகுவதற்கு வருஷக் கணக்கில் ஆகும். 7 இரவில் கதையை முடித்துவிடலாம், ஆனால் இந்தப் பேச்சுக்கு இடம் இருக்காது.

தமிழ் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். சின்னத்தம்பிப் புலவர் என்பவர் கம்பன் பாட்டைக் கூத்துக்கு அமைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. பாலக்காட்டுக் கணவாய் திறந்த வாசல். நெசவு, வியாபாரம் என்று தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களோடு பாட்டும் வந்தது. பாடும் தொகுப்புக்கு 'ஆடற்பற்று' என்று பெயர், ஓலையில் எழுதிக் காப்பாற்றினார்கள். ஷொறணூர் பக்கம் கூனத்தறையில் கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000) குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்துகிற குழு, கூத்தைக் காவுக்கு வெளியே மேடைக்கும் கொண்டு போனது. அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. காந்தி கதையைக்கூடப் பாவையில் காட்டியிருக்கிறார்கள். பெண்களே நடத்தும் குழுவும் அந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறது.

பட்டாம்பிக்காரன்:

நான் ஒரு காவில் கணக்குப் பார்க்கிறவன். கமிட்டி பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புலவர்களுக்குச் சம்பளம், சாப்பாடு, 21 ராத்திரி எண்ணெய், ஒலிபெருக்கி எல்லாம் பொதுப் பணத்தில் போனால் தாங்காது. நாங்களும் அப்படித்தான் குறைத்தோம். அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன். சில வருஷம் கழித்து, பஞ்சவடியிலிருந்து முழுதாக வைக்கலாம் என்று கேட்டபோது, வந்த இளைய புலவருக்கு யுத்தப் பகுதி மட்டும்தான் சரளமாக வந்தது. அவர் மேல் என்ன தப்பு? கேட்காத பாட்டை யார் சொல்லிப் பார்ப்பார்கள்?

நிளாக்கரை:

இவர் சொன்னதையே கூட்டத்தில் சொல்லுங்கள். செலவுக்குப் பழைய வழி இருக்கிறது: ஒரு இரவு, ஒரு வீட்டு வழிபாடு, அதாவது அந்த இரவின் செலவை அந்த வீடு ஏற்றுக்கொள்ளும். ஆரம்பத்தில் பட்டர் (பிராமணர்) பாவைகள் வந்து அம்மனைத் துதித்துவிட்டு, அன்றைக்கு வழிபாடு வைத்த குடும்பத்தை வாழ்த்தும். எங்கள் ஊரில் கூலிவேலைக்காரர் ஒருவர் வருஷம் முழுக்கச் சேர்த்து ஒரு இரவு எடுப்பார். தன் வீட்டுப் பெயர் திரையிலிருந்து ஒலிக்கும்போது கைகூப்பி எழுந்து நிற்பார். 7 இரவு என்றால் 7 வீடு. மற்றவர்கள் பெயர் எங்கே ஒலிக்கும்?

ஒற்றப்பாலம் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இதுவரை 13 இரவுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. இரண்டு வீடு சேர்ந்து ஒரு இரவு எடுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டார்கள், எடுக்கலாம் என்று நானாகவே சொல்லிவிட்டேன். லட்சுமணன் நாகபாசத்தில் கட்டுண்டு கிடக்கும்போது கருடன் வருகிற இரவு தனக்கு வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். மாமனார் கடைசியாக உட்கார்ந்து பார்த்தது அந்த இரவுதானாம். அவர் பெயரையும் அனுஷம் என்று நட்சத்திரத்தையும் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.